காலி வண்டியை யார் கிளப்புவது?

முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்ச். அதில் ஒரு தாத்தாவும் பேத்தியும். விழுப்புரம் போகும் பாசஞ்சருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் கரன்ட் பில்லைக் கட்டிவிடலாம் என்று தாத்தா போனை எடுத்தார். இணைப்பு எண்ணை அடித்தார், தொகையைச் சரிபார்த்தார், ஓடிபி வந்தது. அது என்ன எண் என்று பார்க்க மெசேஜுக்குப் போனார். திரும்பி வந்தால், பணம் கட்டும் ஆப் ஒன்றுமே தெரியாததுபோல் முதல் பக்கத்தில் நின்றுகொண்டு வரவேற்கிறது. அடித்த எண் எல்லாம் போயே போச்சு. இது மூன்றாவது தடவை.

"போன் கெட்டுப்போச்சும்மா."

"கெட்டுப்போகல தாத்தா. மெமரி பத்தல."

"உங்கப்பன்தான் போன தீபாவளிக்குப் பெரிய கார்டா வாங்கிப் போட்டுக் குடுத்தானே?"

"அது வேற தாத்தா. அது குடோன். இது யார்டு."

பேத்தி பிளஸ் டூ, கணினி அறிவியல். தாத்தா நாற்பது வருடம் கரும்பு போட்டவர். அதனால் அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அரவைப் பருவத்தில் முண்டியம்பாக்கம் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே போகும் வண்டி எடை போட்டு, யார்டில் காத்திருந்து, கரும்பை இறக்கி, காலி வண்டியாக மறுபடி எடை போட்டு வெளியே வர வேண்டும். ஆலைக்குள் எவ்வளவு பெரிய குடோன் இருந்தாலும் யார்டு ஓர் அளவுதான். இறக்கி முடித்த நாலு வண்டிகள் இடத்தைக் காலி செய்யாமல் அங்கேயே நின்றால், ஏற்றிய வண்டி உள்ளே நுழைய முடியாது.

போனில் படமும் வீடியோவும் சேர்ந்து கிடக்கும் ஸ்டோரேஜ்தான் குடோன். இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு மட்டும் இடம் தருகிற ராம் என்பது யார்டு. கடையில் '4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ்' என்று சேர்த்துச் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றிவிடுகிறது. கார்டு போட்டால் குடோன்தான் பெரிதாகும். யார்டு அப்படியேதான் இருக்கும்.

ஒரு ஆப் ஓடும்போது அதற்கு ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பொருள்கள் தேவைப்படுகின்றன. ஒரு பெயர், ஒரு தொகை, திரையில் காட்ட ஒரு படம். ஒவ்வொன்றும் யார்டில் ஓர் இடம் பிடிக்கும். வேலை முடிந்ததும் இடத்தை விட வேண்டும். கேள்வி ஒன்றுதான். வேலை முடிந்தது என்று கண்டுபிடித்து, காலி வண்டியைக் கிளப்புவது யார்? கணினி மொழிகளை வடிவமைக்கிறவர்கள் அறுபது வருடங்களுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகள் இந்தச் சண்டையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். சி பிளஸ் பிளஸில் 'நியூ' என்று எழுதி ஓர் இடத்தைக் கேட்டு வாங்கினால், வேலை முடிந்ததும் 'டெலீட்' என்று எழுதி அதைத் திருப்பித் தர வேண்டும். அதாவது, வண்டியைக் கிளப்புவது ஓட்டுநர் பொறுப்பு. இப்போதைய சி பிளஸ் பிளஸில் இதற்குக் கைகொடுக்கிற வசதிகள் வந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை ஏற்பாடு அதுதான். அடுத்த வருடம் பைத்தானுக்கு வந்தால், பொருளை உருவாக்குகிறோம், பயன்படுத்துகிறோம், அத்தோடு மறந்துவிடுகிறோம். திருப்பித் தரும் வரியே தேவையில்லை. அந்த வரி எங்கே போனது என்று வகுப்பில் கேட்கிற பிள்ளை, ஆசிரியருக்கு அதிர்ஷ்டமாகக் கிடைத்த பிள்ளை.

ஓட்டுநர் பொறுப்பில் விட்டால் இரண்டு விதமான தவறு நடக்கும். ஒன்று, திருப்பித் தர மறந்துபோவது. யார்டு மெல்ல நிரம்பும், ஆப் மெல்ல இழுக்கும், கடைசியில் நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் பெரிய ஆபத்து இல்லை. மற்றது, சீக்கிரமே திருப்பித் தந்துவிட்டுப் பழைய டோக்கனைக் கையிலேயே வைத்திருப்பது. அந்த இடத்தில் இப்போது வேறொருவர் வண்டி நிற்கிறது. பழைய டோக்கன்காரர் வந்து, தன் வண்டி என்று நினைத்து, அடுத்தவர் கரும்பில் கை வைக்கிறார். கணினியைத் திருட்டுத்தனமாகக் கைப்பற்ற நினைக்கிறவர்கள் தேடுவது இப்படிப்பட்ட ஓட்டைகளைத்தான். ஒவ்வோர் ஆண்டும் தான் அடைக்கிற பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவிகிதம் நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை என்று 2019-ல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. குரோம் பிரவுசரின் தீவிரமான ஓட்டைகளிலும் ஏறக்குறைய அதே 70 சதவிகிதம் என்று 2020-ல் கூகுள் சொன்னது. இரண்டு நிறுவனங்களிலும் இந்த வேலையைச் செய்கிறவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை. மனிதர்களுக்கு மறதி உண்டு, அவ்வளவுதான்.

மறதியை மனிதனிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை பாதுகாப்புக்காகப் பிறக்கவில்லை. அது அழகுக்காகப் பிறந்தது. 1958-ல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார். வகைநுண்கணிதத்தைக் கணினியே போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிரலை எழுதினார். கணித சூத்திரம்போலவே நாலே வரியில் அழகாக வந்தது. ஆனால், 'இந்த இடம் இனி வேண்டாம், அந்த இடம் இனி வேண்டாம்' என்ற வரிகளை நடுநடுவே செருகினால் சூத்திரம் அலங்கோலமாகிவிடும். அதற்கு அவருக்கு மனசு வரவில்லை. யாரும் எதையும் திருப்பித் தர வேண்டாம், இடம் தீரும்வரை தீரட்டும், தீர்ந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி, இன்னும் தேவைப்படுவது எது என்று பார்த்து மீதியை மொத்தமாக அள்ளிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அவர்கள் வைத்திருந்த ஐபிஎம் 704 கணினியில் மொத்தமே சுமார் 32 ஆயிரம் சொற்களுக்குத்தான் இடம். இன்றைய வாட்ஸ்அப் படம் ஒன்றுகூட அதற்குள் சிரமப்பட்டுத்தான் உட்காரும்.

இந்த வேலைக்கு ஆய்வகத்தில் வைத்த பெயர் 'குப்பை அள்ளுதல்'. இன்றும் உலகம் முழுக்க அதே பெயர்தான். ஆனால், 1960-ல் வெளியான கட்டுரையில் அந்தப் பெயரை எழுத மெக்கார்த்திக்குத் துணிச்சல் வரவில்லை. இல்லையென்றால் அலுவலகத்தில் இலக்கணம் திருத்தும் பெண்மணிகள் விட்டிருக்க மாட்டார்கள் என்று பிற்பாடு அவரே நினைவுகூர்ந்தார்.

அதைவிட வேடிக்கை, முதல் நேரடி செயல்விளக்கம். தொழில் நிறுவனங்களிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் கூடியிருக்கிறார்கள். கணினி என்ன செய்கிறது என்பது அவர்களுக்குத் தொலைக்காட்சித் திரையில் தெரிகிறது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது யார்டு நிரம்பிவிட்டது. உடனே தட்டச்சு இயந்திரம், குப்பை அள்ளுபவர் அழைக்கப்பட்டிருக்கிறார், அது பற்றிய சில சுவையான புள்ளிவிவரங்கள் இதோ என்று அடிக்க ஆரம்பித்தது. நொடிக்குப் பத்தே எழுத்து வேகம். அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஒதுக்கிய நேரமெல்லாம் அதிலேயே போயிற்று. கூட்டம் அடக்க முடியாமல் சிரித்தது. யாரோ குறும்புக்காரர் வேண்டுமென்றே செய்த வேலை என்றுகூடச் சிலர் நினைத்தார்களாம்.

தேவைப்படுவது எது, தேவைப்படாதது எது என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்கு அர்த்தமெல்லாம் புரியாது. அது பார்ப்பது நூலை மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கையில் சில நூல்கள் இருக்கும். ஒவ்வொரு நூலையும் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பொருள், அதிலிருந்து கிளம்பும் நூல்களைப் பிடித்தால் வேறு பொருள்கள். இப்படிப் போய்த் தொட முடிந்ததையெல்லாம் குறித்துக்கொள்ளும். தொட முடியாதது குப்பை. மெக்கார்த்தியின் வழி இது.

அதே 1960-ல் ஜார்ஜ் காலின்ஸ் என்பவர் வேறொரு வழி சொன்னார். ஒவ்வொரு பொருளின் மேலும் ஓர் எண்ணை எழுதிவைக்கலாம். எத்தனை பேர் தன் நூலைப் பிடித்திருக்கிறார்கள் என்ற எண். ஒருவர் விட்டால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் அந்த நொடியே இடத்தைக் காலி செய்துவிடலாம். எல்லாவற்றையும் நிறுத்திவைத்துத் தேட வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல். 'அவன் வண்டி இருக்குதுன்னு நான் நிக்கறேன்' என்று இவர் சொல்ல, 'இவன் வண்டி இருக்குதுன்னு நான் நிக்கறேன்' என்று அவர் சொல்ல, இரண்டு காலி வண்டிகள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு காலம் முழுக்க நிற்கலாம். எண் பூஜ்யமே ஆகாது. பிளஸ் டூ பிள்ளைகள் படிக்கிற பைத்தான் அடிப்படையில் இந்த எண்ணும் முறையைத்தான் பின்பற்றுகிறது. ஒருவரையொருவர் காட்டும் கூட்டாளிகளைப் பிடிப்பதற்கென்று 2000-ல் தனி ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தார்கள்.

நூல் பிடித்துத் தேடும் முறைக்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் பின்னால் வந்து சேர்ந்தது. வீட்டில் நாலு பேரைக் கேட்டால் தெரியும். சட்டைப் பையில் கிடக்கும் பஸ் டிக்கெட்டுக்கு ஆயுசு ஒரு நாள். பீரோவில் இருக்கும் நிலப் பத்திரத்துக்கு ஆயுசு மூன்று தலைமுறை. குப்பை தேடுவதற்காக யாராவது தினமும் பீரோவைக் கவிழ்ப்பார்களா? கணினியிலும் அப்படித்தான். பிறந்த பொருள்களில் பெரும்பாலானவை பிறந்த கையோடு வேண்டாதவை ஆகிவிடுகின்றன. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தவை நெடுநேரம் இருக்கின்றன. அதனால் சட்டைப் பையை அடிக்கடி பார், பீரோவை எப்போதாவது பார் என்று டேவிட் உங்கர் 1984-ல் ஒரு முறையை எழுதினார். இன்றைய ஜாவாவுக்குள்ளும் இருப்பது இந்த யோசனைதான்.

தமிழிலேயே நிரல் எழுத ஒரு மொழி உண்டு. 'எழில்' என்று பெயர். முத்து அண்ணாமலை 2007-ல் உருவாக்கத் தொடங்கி 2009-ல் அறிவித்தது. திரையில் ஒன்றைக் காட்ட 'பதிப்பி' என்று எழுத வேண்டும். தனி வேலைக்கு 'நிரல்பாகம்', விடையைத் திருப்பித் தர 'பின்கொடு', முடிந்தால் 'முடி'. இடத்தைக் கேட்டு வாங்கவோ காலி செய்யவோ அதில் பிள்ளைகள் எதையும் எழுத வேண்டியதில்லை. எழிலின் உள்ளே ஓடுவது பைத்தான். அந்தப் பொறுப்பை அதுவே பார்த்துக்கொள்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு குழந்தை முதல் வரியிலேயே கணக்கைப் பற்றி யோசிக்கலாம், யார்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மெக்கார்த்தி தன் சூத்திரத்துக்குக் கேட்டதும் இதைத்தான்.

ஆனால், வேலை மறைந்துவிட்டதே தவிர ஒழிந்துவிடவில்லை. அதன் செலவு நிரல் எழுதுகிறவரிடமிருந்து போன் வைத்திருப்பவருக்குக் கைமாறியிருக்கிறது. இதை யாரும் பெட்டிமேல் அச்சடித்து விற்பதில்லை.

மேத்யூ ஹெர்ட்ஸ், எமரி பெர்கர் என்ற இருவர் 2005-ல் இதை அளந்து பார்த்தார்கள். ஜாவா நிரல்களை வைத்துச் செய்த சோதனை. கையால் காலி செய்யும் முறைக்குத் தேவைப்படுகிற இடத்தைப்போல ஐந்து மடங்கு இடம் கொடுத்தால், தானாகக் குப்பை அள்ளும் முறை அதே வேகத்தில் ஓடியது. மூன்று மடங்கு கொடுத்தால் சராசரியாக 17 சதவிகிதம் மெதுவானது. இரண்டு மடங்குதான் என்றால் ஏறக்குறைய 70 சதவிகிதம் மெதுவானது. நுட்பங்கள் அதற்குப் பிறகு வளர்ந்துவிட்டன. ஆனாலும் இடம் தாராளமாக இருந்தால் ஒன்றும் தெரியாது, நெருக்கடி என்றால் திணறும் என்ற குணம் மாறவில்லை. பெரிய போன்காரருக்குத் தெரியவே தெரியாத விஷயம் சின்ன போன்காரருக்குத் தினசரித் தொல்லை.

ஆண்ட்ராய்டு ஆப்கள் பெரும்பாலும் ஜாவா, கோட்லின் மொழிகளில் எழுதப்படுகின்றன. அவை குப்பை அள்ளும் வகை. ஐபோனில் 2011 முதல் எண்ணும் முறை. எங்கே ஏற்ற வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்பதை நிரலைத் தயாரிக்கும்போதே மொழி எழுதிவைத்துவிடும். குறைந்த ராமிலேயே ஐபோன் சமாளிப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் விரலால் தள்ளும்போது திரை விட்டு விட்டு நகர்ந்தது நினைவிருக்கலாம். திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட வேண்டும். அதாவது ஒவ்வொரு படத்துக்கும் 16 மில்லி செகண்டுதான். நடுவில் குப்பை அள்ள அதைவிட அதிக நேரம் நிறுத்தினால் கண்ணுக்கு அது தெரிந்துவிடும். 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5 இந்த நிறுத்தங்களை நன்றாகவே குறைத்தது.

தாத்தாவுக்கு நடந்தது இதற்கும் அடுத்த கட்டம். ஒவ்வொரு ஆப்பும் தன் குப்பையை அள்ளிய பிறகும் மொத்த யார்டிலும் இடம் இல்லை என்றால், ஆண்ட்ராய்டு நேராக ஆட்களையே வெளியேற்றும். திரையில் இல்லாமல் பின்னால் போன ஆப்பை மூடிவிடும். தாத்தா ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போன அந்த அரை நிமிடத்தில், பணம் கட்டும் ஆப் பின்னால் போனது, மூடப்பட்டது. இப்படி மூடப்படலாம் என்று ஆண்ட்ராய்டு முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருக்கிறது. அதுவரை அடித்ததைப் பத்திரப்படுத்த வழியும் கொடுத்திருக்கிறது. திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். அந்த வழியைப் பயன்படுத்தாமல் ஆப் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பெரிய போனில் இது நிகழ்வதே இல்லை என்பதால் அவர்களுக்குத் தெரிவதும் இல்லை. கெட்டுப்போச்சு என்று தாத்தா தன் போனைத் திட்டுவதுதான் இதில் அநியாயம்.

'தானாகவே' என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்களில் படித்தவர்களும் உண்டு. 2005 அக்டோபரில் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்கு ஒரு பந்தயம் நடந்தது. 132 மைல் தூரம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் வண்டியும் ஓடியது. அதன் நிரல் குப்பை அள்ளும் மொழியான சி ஷார்ப்பில் எழுதப்பட்டது. வழியில் பாறை, புதர் என்று தடையைக் கண்டால் வண்டி குறித்துக்கொள்ளும். கடந்ததும் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நீக்கினார்கள்தான். ஆனால், நிலவரம் மாறினால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இன்னொரு பட்டியலில் அதே பாறைகளின் பெயர் இருந்தது. அந்த ஒரு நூல் அறுபடவில்லை. குப்பை அள்ளுபவர் வந்து பார்த்து, நூல் இருக்கிறதே, தேவைப்படும்போல என்று விட்டுவிட்டுப் போனார். கடந்துபோன ஒவ்வொரு புதரையும் நினைவில் சுமந்துகொண்டே போன வண்டி, பாதியிலேயே மூளை நிரம்பி நின்றது.

மறதி ஒரு தவறு என்றால், விடாமல் பிடித்துவைத்திருப்பதும் தவறுதான். இரண்டாவதை எந்தக் குப்பை அள்ளுபவராலும் தடுக்க முடியாது.

இந்த இரண்டு பாதைக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் கிரேடன் ஹோர் என்ற நிரலாளர் 2006-ல் வீடு திரும்பியபோது அடுக்குமாடியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதன் மென்பொருள் கவிழ்ந்திருந்தது, அதுவும் முதல் தடவையாக அல்ல. அவர் வீடு 21-வது மாடி. நினைவகக் கோளாறாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடி படியேறிய அந்த மனிதர் தொடங்கிய மொழிதான் ரஸ்ட். 2015-ல் முதல் பதிப்பு வந்தது. ஒரு பொருளுக்கு ஒரே சொந்தக்காரர். அவர் வேலை முடிந்தால் பொருளும் போகும். மற்றவர்கள் இரவல் வாங்கலாம், ஆனால் சொந்தக்காரர் போன பிறகு கையில் வைத்திருக்கக் கூடாது. இந்த விதிகளில் எதை மீறினாலும் நிரல் தயாராகவே ஆகாது. ஓட்டும்போது குப்பை அள்ள ஆள் வேண்டாம். எழுதுகிறவருக்குத்தான் ஆரம்பத்தில் நாக்குத் தள்ளும். ஆண்ட்ராய்டின் உள்ளே புதிதாக எழுதும் பகுதிகளை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றிய பிறகு, அதன் பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகம் சார்ந்தவை 2019-ல் 76 சதவிகிதமாக இருந்தது 2024-ல் 24 சதவிகிதமாக இறங்கியதாகக் கூகுள் கணக்குக் காட்டியிருக்கிறது.

தாத்தாவின் போனில் ரஸ்டும் இல்லை, ஐந்து மடங்கு இடமும் இல்லை. பேத்தி போனை வாங்கிப் பார்த்தாள். 'மெமரியைச் சுத்தம் செய்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளும் ஆப் மட்டும் நாலு.

"இத எல்லாம் யாரு தாத்தா போட்டது?"

"விளம்பரம் வந்துச்சி. ஸ்லோவா இருக்கு, அமுக்குன்னான். அமுக்கினேன்."

அந்த ஆப்கள் பெரும்பாலும் செய்வது, ஆண்ட்ராய்டு அடுத்த முறை சீக்கிரம் திறக்கட்டும் என்று தயாராக நிறுத்திவைத்திருக்கும் ஆப்களைத் துரத்துவது. துரத்தப்பட்டவை மறுபடி முதலிலிருந்து ஏறி வர வேண்டும். நேரமும் பேட்டரியும்தான் போகும். போதாததற்கு அவையே யார்டில் நாலு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

மூன்றை அழித்தாள். போனை அணைத்துப் போட்டாள். மெசேஜுக்குப் போகாமல், மேலே இருந்து அறிவிப்பை இழுத்து ஓடிபியை அங்கேயே பார்த்து அடிக்கச் சொன்னாள். ஆப் திரையைவிட்டுப் போகவில்லை. பணம் போய்ச் சேர்ந்தது. ரசீதும் வந்தது.

நாலாவதை மட்டும் அழிக்க தாத்தா விடவில்லை. அதில் ஒரு துடைப்பம் வந்து பெருக்குமாம், கடைசியில் 'டிங்' என்று மணி அடிக்குமாம்.

"அது இருக்கட்டும்மா. கேக்க நல்லா இருக்கு."